வெங்காயச் சருகு நிறத்தில் ஒரு சுவர்

வியாழக்கிழமை, மாலை 5.20.

காசுமாலை காணாமல் போனது தெரிவதற்கு முன்னால் அந்த வீட்டில் ஐந்து நிமிடம் நல்ல சந்தோஷம் இருந்தது. சந்தோஷத்துக்குக் காரணம் கூடத்துச் சுவர்.

1970ஆம் வருஷம், ஆனி மாதம். பெரிய காஞ்சிபுரத்தில் அரிசி மில் வைத்திருந்த அர்ஜுனன் வீட்டுக் கூடம் பத்து வருஷமாக நீலம் கலந்த சுண்ணாம்பில்தான் இருந்தது. யாரும் அதைக் குறை சொன்னதில்லை. மகள் அலமுவைப் பெண் பார்க்க மதராசிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அக்கா மட்டும், காப்பி தம்ளரைக் கீழே வைத்துக்கொண்டே, "இப்பல்லாம் யாருங்க நீலம் அடிக்கிறாங்க? சந்தனக் கலர்னா கண்ணுக்கு இதமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னது இரண்டே வாக்கியம். அதற்காக இந்த வீட்டுச் சாமான்கள் மூன்று நாள் தாழ்வாரத்தில் கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். ஐயம்பேட்டையில் சொந்தக்காரர்களை அழைத்துவிட்டு அர்ஜுனனும் மனைவி பொன்னியம்மாளும் அலமுவும் திரும்பியபோது கூடம் சந்தன நிறத்தில் அமைதியாக நின்றது. வெள்ளையடிக்கும் அந்தோணி ஏணிப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சந்தனம்னா இதாம்பா சந்தனம்" என்றார் அர்ஜுனன்.

அலமு உள் அறை வாசலை ஒட்டிய சுவரில் சாய்ந்தாள். தாவணி ஓரம் சில்லென்று ஒட்டிக்கொண்டது. "இன்னாடி இது, ஈரத்துல போயி சாஞ்சிக்கினு" என்று அம்மா அதட்டினாள். வேறு தாவணி எடுக்க அம்மாவே உள் அறைக்குப் போய் அலமாரியைத் திறந்தாள். நகைப்பெட்டி திறந்தே இருந்தது. வளையல் இருந்தது, தோடு இருந்தது. நாற்பத்தோரு காசு கோத்த மாலை மட்டும் இல்லை.

மாலை ஆறு மணிக்கு ஏட்டு வீரபத்திரன் அந்தோணியை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். தெருவே வாசலில் நின்று பார்த்தது. எதிர்வீட்டு அன்னம்மாள் தன் வீட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அந்தச் சத்தம் அந்தோணிக்குக் கேட்டது.

வெள்ளிக்கிழமை, காலை 8.10.

சப்-இன்ஸ்பெக்டர் கண்ணாயிரம் முதல் நாள் முழுவதும் ஒரு வழக்குக்காகச் செங்கல்பட்டில் இருந்துவிட்டு வந்திருந்தார். அவரைப் பற்றி ஒரு விஷயம் இப்போதே சொல்லிவிட வேண்டும். அவருக்கு நிறம் சரியாகத் தெரியாது. கல்யாணமான முதல் தீபாவளிக்கு மனைவி அங்கம்மாளுக்குப் பச்சைப் புடவை என்று நினைத்து, பாக்குக் கலர் புடவை வாங்கிக்கொண்டு போய்ப் பெருமையாகக் கொடுத்தவர் அவர். "பேரு பெத்த பேரு, தாக நீலு லேது; பேரு பெரிசு, குடிக்கத் தண்ணி இல்லை. பேருலதான் ஆயிரம் கண்ணு" என்று அங்கம்மாள் இன்றும் சொல்கிறாள். முன் அறைக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் அவள், என்ன நிறம் என்று மட்டும் அவரிடம் கேட்டதே இல்லை.

இதனால் கண்ணாயிரத்துக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. நிறம் சம்பந்தப்பட்ட எதையும் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். கேட்பதில் அவருக்கு வெட்கமும் இல்லை, அலுப்பும் இல்லை.

ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் அந்தோணியின் மனைவி செல்லியம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்தாள்.

"ஐயா, என் வூட்டுக்காரரு பதினாறு வருசமா வெள்ளையடிக்கிறாரு. நம்பி வூட்டுக்குள்ள விடறதுதான்யா எங்களுக்குச் சோறு. நேத்து தெருவே பாக்கறப்ப இட்டுக்கினு வந்துட்டாங்க. இன்னிமே எவங்க கதவைத் தொறப்பாங்க?"

அவள் அழவில்லை. கணக்காகத்தான் கேட்டாள். கண்ணாயிரம் "இரும்மா, பாக்கறேன்" என்று உள்ளே போனார்.

"கேஸ் முடிஞ்ச மாதிரிதான் சார்" என்றார் வீரபத்திரன். "நேத்து பன்னெண்டு மணிக்கு வூட்டுக்காரங்க மூணு பேரும் கெளம்பிட்டாங்க. இவன் ஒரு மணிக்கு வாசக்கதவைப் பூட்டிக்கினு சாப்புடப் போயிருக்கான். சாவியைப் பின்பக்க மாடத்துல வெச்சிருக்கான். மூணு மணிக்குத் திரும்பி வந்து அஞ்சு வரைக்கும் தனியா இருந்திருக்கான்."

"மாடத்துல சாவி வைக்கிறது வேற யாருக்குத் தெரியும்?"

"அந்தக் குடும்பத்துக்குத்தான். இன்னொன்னு சார். அலமாரிச் சாவி காலண்டருக்குப் பின்னால ஆணியில தொங்கினு இருந்திருக்குது. சுவரு அடிக்கக் காலண்டரைக் கழட்டினவன் இவன்தான். சாவியை எடுத்து அந்தம்மா கையில கொடுத்தவனும் இவன்தான்."

"எடுத்துக் கொடுத்தவன் எப்படிப்பா திருடன்?"

"பொய் சொல்றான் சார். மூணு மணிக்கு வந்து நேரா பின்னால தாவாரத்துக்குப் போயிட்டேன், கூடத்துப் பக்கமே போவலன்றான். ஆனா உள் ரூம் வாசப்படியில சுண்ணாம்புச் சொட்டு கெடக்குது. கூடத்து வேலை முடிஞ்சு, பன்னெண்டு மணிக்கு அந்தம்மா அந்த இடத்தைத் துடைச்சிட்டுத்தான் கெளம்பியிருக்காங்க. அப்ப சொட்டு எப்ப விழுந்துச்சு?"

இது நல்ல கேள்வி. கண்ணாயிரம் அந்தோணியைக் கூப்பிட்டார். நாற்பது வயது, மெலிந்த உடம்பு. விரல் இடுக்கிலெல்லாம் காய்ந்த சுண்ணாம்பு.

"ஒரு மணிக்கு எங்கே போனே?"

"வூட்டுக்கு ஐயா. சாப்புட."

"எத்தனை மணிக்கு வந்தே?"

"மில்லு சங்கு ஊதறப்ப வந்தேன். மூணு."

"வந்து?"

"தாவாரம் அடிச்சேன்."

"கூடத்துக்குப் போகலை?"

மற்ற கேள்விகளுக்கெல்லாம் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்ன அந்தோணி, இந்தக் கேள்விக்குத் தன் நகத்தைப் பார்த்தான்.

"போவல ஐயா."

பொய்தான். ஆனால் என்ன பொய் என்றுதான் கண்ணாயிரத்துக்குப் பிடிபடவில்லை. மாலையை எடுத்தவன் முகம் இப்படி இருக்காது. ஏதோ அசிங்கப்பட்டவன் முகமாக இருந்தது.

காலை 8.45.

பொன்னியம்மாளின் தம்பி ஆதிகேசவன் வெள்ளை வேட்டியும் கையில் துணிப்பையுமாக வந்து நின்றார். ஊர் கூரம். வேலை காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில். சாயப்பட்டறையிலிருந்து வரும் நூல் கேட்ட நிறத்தில்தான் இருக்கிறதா என்று வெயிலில் பிடித்து ஒத்துப்பார்த்துச் சொல்வது அவர் வேலை. அவர் ஒரு கத்தை நூலைத் தள்ளி வைத்துவிட்டால் சாயக்காரர் மறுபேச்சுப் பேசாமல் எடுத்துக்கொண்டு போவாராம்.

"ராத்திரி மில்லு ஆளு சைக்கிள்ல வந்து, மாலை காணோம், அந்தோணியைப் புடிச்சிட்டாங்கன்னு சொல்லிட்டு அப்படியே திரும்பிட்டான் சார். விடிஞ்சதும் நேரா இங்க வரேன்."

"அக்கா வீட்டுக்குப் போகலையா?"

"இன்னும் போவல. இங்க விஷயம் தெரிஞ்சிக்கினு போலாம்னு வந்தேன்."

"நேத்து அங்கே போயிருந்தீங்களா?"

"காலையில பதினொன்னே காலுக்குப் போனேன். மோர் குடிச்சேன். அஞ்சு நிமிசம்தான். பன்னெண்டு மணி பஸ்ஸைப் புடிச்சு கூரம் போயிட்டேன். நெலத்துல ஆளு வுட்டிருந்தேன்."

"அந்தோணி எப்படி?"

ஆதிகேசவன் தோளைக் குலுக்கினார். "பேச்சு நல்லாப் பேசுவான் சார். வேலை சுத்தமில்ல. ஒரே கூடத்துல ரெண்டு நிறம் அடிச்சி வெச்சிருக்கான். மூணு சுவரு சந்தனம். உள் ரூம் வாசப் பக்கத்துச் சுவரு வெங்காயச் சருகு. மத்தவங்க கண்ணுக்குத் தெரியாதுன்னு நெனைச்சுக்கினான். நிறத்துல ஏமாத்தறவன் நகையில ஏமாத்த மாட்டானா?"

கண்ணாயிரத்துக்கு அந்தப் பெயர் பிடித்துப்போய்விட்டது. இத்தனை வருஷ சர்வீசில் அவர் கேள்விப்படாத நிறம். நோட்டில் 'வெங்காயச் சருகு' என்று எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டார்.

காலை 10.30.

அர்ஜுனன் வீட்டுக் கூடத்தின் நடுவில் நின்று கண்ணாயிரம் நான்கு சுவரையும் பார்த்தார். கிட்டப் போய்ப் பார்த்தார். எட்டி நின்று பார்த்தார். ஜன்னலைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். நான்கும் அவருக்கு ஒரே மாதிரிதான் இருந்தன. தன் கண்ணை மனதுக்குள் திட்டிக்கொண்டு, வழக்கம்போலப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டார்.

"இது என்ன நிறம்மா?"

"சந்தனம்" என்றாள் பொன்னியம்மாள்.

"உள் ரூம் வாசல் பக்கத்துச் சுவர்?"

"அதுவும் சந்தனந்தாங்க."

அலமு, "கிரீம் கலர் சார்" என்றாள். அர்ஜுனன், "பிஸ்கோத்து நிறம்னு சொல்லலாம்" என்றார். கதவோரம் நின்ற வீரபத்திரன் தானும் ஒன்று சொல்ல வேண்டும் என்று நினைத்து, "பால்ல ரெண்டு சொட்டு டீத்தண்ணி வுட்டாப்பல இருக்குது சார்" என்றார். ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். ஆனால் நான்கு சுவரும் ஒன்றுதான் என்பதில் நான்கு பேரும் ஒரே பேச்சு.

"வெங்காயச் சருகு மாதிரி ஏதாவது தெரியுதா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

யாருக்கும் தெரியவில்லை. அலமு மட்டும் அவரைக் கொஞ்சம் அனுதாபத்தோடு பார்த்தாள்.

"இப்ப பாக்க லட்சணமா இருக்குது" என்றாள் பொன்னியம்மாள். "நேத்து பன்னெண்டு மணிக்கு இப்படியா இருந்துச்சு? நாலு சுவரும் ஈரக் களிமண்ணு கணக்கா, கருப்பா கெடந்துச்சு. காலையில வந்த எந் தம்பி கூட, 'இன்னாக்கா, கூடத்துல நாத்து நடப் போறியா'ன்னு சிரிச்சிட்டுப் போனான். அந்தோணிதான், 'காயட்டும்மா, சுண்ணாம்பு காஞ்சாதான் நிறம் எந்திரிக்கும்'னு சொன்னாரு. சொன்ன மாதிரியே எந்திரிச்சுச்சு. நம்பிக் கெட்டேன்."

"அலமாரிச் சாவியை என்ன பண்ணீங்க?"

"சமையக்கட்டுல தொவரம்பருப்பு டப்பாவுக்குள்ள போட்டேன். திரும்பி வந்து பாக்கறப்பவும் அதுக்குள்ளதான் இருந்துச்சு."

"போட்டதை அந்தோணி பார்த்தானா?"

அவள் யோசித்தாள். "அவரு ஏணி மேல இருந்தாரு. பாத்திருக்க முடியாதுங்க. தேடி எடுத்திருப்பாரு."

கண்ணாயிரம் சமையலறைக்குப் போனார். அலமாரியில் பதினான்கு டப்பா. எல்லாவற்றின் மேலும் சுவர் சுரண்டியதில் பறந்த மெல்லிய தூசி. துவரம்பருப்பு டப்பா மூடியில் மட்டும் தூசி இல்லை. எந்த டப்பாவிலும் சுண்ணாம்புக் கறை இல்லை. தேடியவன் பதினான்கையும் தொட்டிருப்பான். இங்கே வந்த கை நேராக ஒரு டப்பாவுக்குத்தான் போயிருக்கிறது.

"பருப்பு டப்பாவுல சாவி போடறது யாரு கத்துக் கொடுத்தது?"

"எங்கம்மா அப்படித்தான் போடும். அந்த மாலையும் எங்கம்மாவுதுதான். என் கல்யாணத்துக்கு அதும் கழுத்துல இருந்து கழட்டிப் போட்டுச்சு." பொன்னியம்மாள் குரல் இறங்கியது. "அலமு பொறந்தப்பவே, தம்பி மவன் முனிசாமிக்குத்தான் இவள்னு வாய்ப்பேச்சு இருந்துச்சுங்க. இவரு மதராசு மாப்பிள்ளைதான்னு ஒரே புடியா நின்னுட்டாரு. தம்பி வாய் தொறந்து ஒன்னும் சொல்லல."

அர்ஜுனன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்.

புறப்படும்போது அலமு ஒரு தாவணியைக் கொண்டுவந்து காட்டினாள். ஓரத்தில் சாண் அகலத்துக்குக் கறை. "நேத்து வந்ததும் அந்தச் சுவத்துல சாஞ்சேன் சார். மத்த மூணும் நல்லாக் காஞ்சிருந்துச்சு. அது மட்டும் கீழ ஈரமா இருந்துச்சு. ஏன்னு தெரியல, சொல்லணும்னு தோணுச்சு."

கண்ணாயிரம் அந்தத் தாவணியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நிறத்தை அல்ல, ஈரம் பட்ட உயரத்தை.

பகல் 1.00.

ஸ்டேஷனுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவருக்கு இதே யோசனைதான். பக்கத்துத் தெருக்களில் தறிச் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. தன் கண் சரியில்லை என்றால், மற்ற நான்கு பேர் கண்ணுமா சரியில்லை? சரி, ஆதிகேசவன் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாமா? நிறம் ஒத்துப்பார்த்தே சோறு தின்கிறவர், நிறத்தில் தப்புச் சொல்வாரா? பொய் சொல்ல நினைத்தாலும் நிறத்தில் பொய் சொல்ல அவருக்கு நாக்கு வருமா?

அந்தோணிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தோணி, கூடத்துல ரெண்டு நிறம் அடிச்சியா?"

அந்தோணி விருட்டென்று நிமிர்ந்தான். போலீஸ் பிடித்தபோதுகூட அவன் முகம் இப்படி வெளுக்கவில்லை என்று வீரபத்திரன் பிற்பாடு சொன்னார்.

"யாரு ஐயா சொன்னது? அதை யாரும் பாக்கலியே."

"எதை?"

அந்தோணி விரல் இடுக்கில் இருந்த சுண்ணாம்பைச் சுரண்டினான். பிறகு, செத்தவன் பேசுகிற குரலில் சொன்னான். "மூணு சுவருக்கு ஒரு வாளி சரியா வந்துச்சு ஐயா. நாலாவது சுவருக்குத் திரும்பக் கலக்க வேண்டியதாப் போச்சு. மஞ்சக்காவி கொறைஞ்சு போச்சு, செங்காவி ஒரு சிட்டிகை கூடிப் போச்சு. ஈரத்துல தெரியாது. ஈரத்துல எல்லாமே களிமண்ணுதான். சாப்ட்டுட்டு மூணு மணிக்கு வந்து பாக்கறேன், மூணு சுவரு சந்தனம். அது மட்டும் தனியா, வெளுத்து, செவப்படிச்சிக்கினு நிக்குது. அப்பவே சரியாக் கலக்கி மூணே காலுக்குள்ள அந்தச் சுவரை முழுசா மறுபடி அடிச்சிட்டேன்."

"அதைத்தான் நேத்துலேர்ந்து மறைச்சியா?"

"பதினாறு வருசம் ஐயா. அந்தோணி கலக்கினா கலவை தப்பாதுன்னு ஊருல பேரு. அது போச்சுன்னா எங்கிட்ட இன்னா இருக்குது?"

"போலீஸ் உன்னைத் திருடன்னு சொல்லுது. நீ கலவையைக் காப்பாத்தினு உக்காந்திருக்கே."

அந்தோணி தலை குனிந்தான். கண்ணாயிரத்துக்குக் கோபமும் வந்தது, பரிதாபமும் வந்தது. இரண்டையும் ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தச் சுவர் தனியாத் தெரிஞ்சது எந்த நேரம்?"

"ரெண்டு மணி வாக்குல காஞ்சிருக்கும் ஐயா. மூணே காலுக்கு அப்பால தெரியாது."

மாலை 5.00.

அர்ஜுனன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்திருந்தது. யாரும் உட்காரவில்லை. அர்ஜுனன், பொன்னியம்மாள், அலமு ஒரு பக்கம். அந்தோணியும் செல்லியம்மாளும் வாசல் ஓரம். ஆதிகேசவன் கடையிலிருந்து நேராக வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார்.

"வாங்க" என்றார் கண்ணாயிரம். "எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணணும். எனக்கு நிறம் தெரியாது, ஊருக்கே தெரிஞ்ச விஷயம். இந்த நாலு சுவருல வெங்காயச் சருகு எதுன்னு கொஞ்சம் காட்டுங்க."

ஆதிகேசவன் உள் அறை வாசல் பக்கம் கையை நீட்டிக்கொண்டே திரும்பினார். கை பாதியில் நின்றது.

அவர் கண் அந்தச் சுவரில் இருந்தது. பிறகு அடுத்த சுவருக்குப் போனது. மறுபடி இந்தச் சுவருக்கு வந்தது. நூல் கத்தையை வெயிலில் பிடித்துப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்தார். நீட்டிய கை மெல்ல இறங்கியது. கண்ணாயிரத்துக்குச் சுவரில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் முகத்தில் நிறம் மாறுவது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"நாலும் ஒன்னா இருக்குது இல்ல?" என்றார். "நீங்க காலையில சொன்னது பொய் இல்லை. இந்தச் சுவர் வெங்காயச் சருகு நிறத்துலதான் இருந்தது. நேத்து மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல, மூணே காலுக்குள்ள. அதுக்கு முன்னால நாலு சுவரும் ஈரத்துல களிமண் நிறம். அதைக் காலையில பாத்து நீங்களே சிரிச்சிருக்கீங்க. மூணு மணிக்கு மேல அந்தோணி மறுபடி அடிச்சிட்டான். அதனாலதான் அலமு தாவணியில ஈரம், வாசப்படியில சொட்டு. வீட்டுக்காரங்க வந்தப்போ நாலும் சந்தனம். அந்த நடு நேரத்துல இந்தக் கூடத்துல நின்னு பாத்தவருக்குத்தான் ரெண்டு நிறம் தெரியும். அந்த நேரத்துல நீங்க கூரத்துல இருந்தேன்னீங்க."

கண்ணாயிரம் விரல் விட்டு எண்ணினார்.

"பின்பக்க மாடத்துல வாசச் சாவி. பருப்பு டப்பாவுல அலமாரிச் சாவி. இந்த வீட்டுப் பழக்கம் தெரிஞ்ச கை. சாவியை எடுத்த இடத்துலயே திரும்ப வெச்சிட்டும் போன கை. போறப்போ இந்தச் சுவர் உங்க கண்ணுல பட்டிருக்கு. வேற யாராயிருந்தாலும் பட்டிருக்காது. பட்டதோட விட்டிருந்தா நான் உங்க பக்கமே திரும்பியிருக்க மாட்டேன். அந்தோணியை இன்னும் நாலு அடி அமுக்கலாம்னு அதை வந்து எங்கிட்ட சொன்னீங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பது பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்ததுதான். ஆதிகேசவனும் படித்திருப்பார். அவர் பாயில் உட்கார்ந்துவிட்டார்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன்" என்றார் அக்காளைப் பார்த்து. "ஏற மனசு வரல. விக்கவா எடுத்தேன்? அம்மா படத்துக்குப் பின்னாலதான் வெச்சிருக்கேன். அது அம்மா கழுத்துல கெடந்தது. அப்பால உன் கழுத்து. அலமு கழுத்து வழியா திரும்ப நம்ம வூட்டுக்கே வரும்னு இருபது வருசமா இருந்தேன்க்கா. மதராசுல யாரோ கழுத்துக்குப் போவுதுன்னதும் தாங்க ஆவல எனக்கு."

அலமு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அர்ஜுனன் எதையோ சொல்ல வாயெடுத்தார். பொன்னியம்மாள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கேட்டிருந்தா நானே கழட்டிக் கொடுத்திருப்பேன்டா. மாலை போனா போவுது. அந்த மனுசனைப் புடிச்சிக்கினு போயிட்டாங்கன்னு ராத்திரியே உனக்குத் தெரியும். தெரிஞ்சிக்கினு எப்படிடா படுத்துத் தூங்கினே?"

ஆதிகேசவன் பாயின் கோரையைக் கிள்ளிக்கொண்டே இருந்தார்.

அர்ஜுனன் கண்ணாயிரத்தைத் தனியாகக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை நிச்சயம், வெளியே தெரிந்தால் அசிங்கம், புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், மாலை வந்துவிடும் என்றார்.

"மாலை வந்துடும்" என்றார் கண்ணாயிரம் சத்தமாகவே. "அந்தோணி பேரு எப்படி வரும்? அதை அவன்கிட்டதான் கேக்கணும்."

எல்லாரும் வாசல் ஓரம் பார்த்தார்கள். அந்தோணி மேல் துண்டைக் கையில் சுருட்டினான், பிரித்தான்.

"நேத்து ஆறு மணிக்கு இந்த வாசல்லேர்ந்து என்னை இட்டுக்கினு போனாங்க ஐயா. அதே ஆறு மணிக்கு அதே வாசல்லேர்ந்து அனுப்பி வெச்சா போதும். வேற ஒன்னும் வாணாம்."

மாலை 6.00.

அர்ஜுனன் முதலில் தெருவில் இறங்கினார். பின்னால் அந்தோணி, செல்லியம்மாள். அந்தோணி தன் சுண்ணாம்பு வாளியை எடுக்கக் குனிந்தபோது பொன்னியம்மாள், "வுடுங்க" என்று சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். ஆதிகேசவன் வெள்ளை வேட்டியோடு வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். வாளி ததும்பி வேட்டியில் தெறித்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

நேற்று நின்ற தெரு இன்றும் நின்றது. அர்ஜுனன் மேடையில் பேசிப் பழகியவர்தான். அன்றைக்கு அவருக்கு மூன்று வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. "மாலை கெடச்சிட்டுது. எங்க வூட்டு ஆளு கையிலதான் இருந்துச்சு. அந்தோணி மேல தப்பு எதுவும் இல்ல, நாங்கதான் தப்பா நெனைச்சிட்டோம்." வாளி யார் கையில் இருக்கிறது என்பதைத் தெரு பார்த்தது. மிச்சத்தை அது தானே கட்டிக்கொள்ளும்.

கண்ணாயிரம் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். எல்லாரும் பார்க்கும்படி நீட்டினார்.

"இந்தா அந்தோணி, என் வீட்டுச் சாவி. நாளைக்குக் காலையில நாங்க மாகறல் போறோம், ஞாயித்துக்கிழமை சாயங்காலம்தான் வருவோம். முன் ரூம் அடிச்சு முடிச்சிடு."

அந்தோணிக்குக் கை வரவில்லை. செல்லியம்மாள்தான் வாங்கினாள். வாங்கி முந்தானையில் முடிந்து, முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

"இன்னா நிறம் ஐயா?" என்று கேட்டான் அந்தோணி.

"எங்கிட்டயா கேக்கறே? வீட்டம்மாகிட்ட கேளு."

தெருவில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எதிர்வீட்டில் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. அன்னம்மாள் கதவைப் பாதி திறந்து நின்றாள். நேற்றைய முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

"அந்தோணி, எங்க கூடத்துக்கும் இந்தச் சந்தனம்தான் வேணும்பா. நாலு சுவரும் ஒன்னா வருமா?"

அந்தோணி ஆதிகேசவன் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டான். பதினாறு வருஷத்தில் யாரிடமும் சொல்லாத ஒன்றை, தெருக்கோடி வரை கேட்கும்படிச் சொன்னான்.

"வரும்மா. இந்த வூட்டுல ரெண்டாவது வாளி எனக்குத் தப்பிப் போச்சு. காஞ்சப்பறம் பாத்துத் திருப்பி அடிச்சேன். உங்க வூட்டுக்கு ஒரே தொட்டியில கலக்கிடறேன்."

அன்னம்மாள் கதவை முழுவதும் திறந்தாள். "அப்போ உள்ள வந்து அளவு பாத்துட்டுப் போ" என்றாள்.